கூலிக்கு மாடு பார்க்கும் குடும்பஸ்தர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில், மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மேய்ச்சல் பண்ணைகளை ரான்ச் என்பார்கள். அடுத்தவர் ரான்ச்சில் சம்பளத்துக்கு மாடு பார்த்தே பிள்ளைகளை ஆளாக்கி, அறுபது தாண்டியும் சேணத்தை விடாத ஆட்கள் அங்கே நிறைய. அவர்கள் வாழ்க்கையைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சினிமாவில் ரான்ச் ஆள் என்றால் தொப்பி, குதிரை, துப்பாக்கிதான். வருஷம் முழுக்க அவருக்கு உண்மையில் என்ன வேலை? – சேலம் வாசகர்

அவர் கையில் அதிக நேரம் இருப்பது கம்பி இழுக்கும் கருவியும் மண்வெட்டியும்தான். மொன்டானா போன்ற குளிர்ப் பகுதியில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பசுக்கள் ஈனும் காலம். மே, ஜூனில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடுவது, காயடிப்பது, சப்பை நோய்க்குத் தடுப்பூசி. அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பண்ணையாட்கள் எல்லாம் வந்து கைகொடுப்பார்கள். அடுத்த வாரம் இவர்கள் அங்கே போவார்கள். அதற்குக் கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு உண்டு. ஜூன் தொடக்கத்தில் 25 பசுவுக்கு ஒரு காளை என்ற கணக்கில் மந்தையில் காளைகளை விடுவார்கள். சினைக்காலம் சுமார் 283 நாள் என்பதால், ஜூன் 1-ல் காளை விட்டால் மார்ச் 10 வாக்கில் முதல் கன்றுகள் விழும். அக்டோபரில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். ஒரு கன்று அப்போது 230 முதல் 270 கிலோ இருக்கும். சினை நிற்காத பசுக்களையும் அதே சமயத்தில் கழித்து விற்றுவிடுவார்கள்.

நடுவில் ஜூலை, ஆகஸ்ட் முழுக்க உலர்புல். இந்த வேலை வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1886-87 குளிர்காலம் வரை அந்த வடக்குச் சமவெளியில் மாடுகளைத் திறந்தவெளியில் விட்டுவிடுவதே வழக்கம். குளிருக்குத் தீவனம் சேர்த்துவைத்தவர்கள் குறைவு. அந்த வருஷம் பனி இறுகி, புல் அடியில் மாட்டிக்கொள்ள, மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. அதற்குப் பிறகுதான் வேலியடைத்து, புல் அறுத்து அடுக்கிவைக்கும் பழக்கம் ஊன்றியது. குதிரையிலேயே இருந்த ஆள் தரையில் இறங்கி வேலை செய்ய ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 550 கிலோ பசு ஒன்று குளிர்காலத்தில் நாளைக்கு 12 முதல் 13 கிலோ உலர்புல் தின்னும். 300 பசு என்றால் நாளைக்கு 3.75 டன். ஐந்து மாதத்துக்கு 560 டன். இதை அறுத்து, காயவைத்து, கட்டி, வண்டியேற்றி, மறுபடி பனியில் கொண்டுபோய் உதறுவது இரண்டு மூன்று ஆட்கள்.

உலர்புல் கெடுவது ஈரத்தில். தீவனப் பயிரான குதிரைமசாலைப் பத்தில் ஒரு பங்கு பூத்ததும் அறுத்து, ஈரம் 15 முதல் 18 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே கட்ட வேண்டும். 20-ஐத் தாண்டி இருக்கும்போதே கட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்துச் சூடேறும். மழை மிரட்டும்போது முதலாளியும் ஆளும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். கட்டியதிலிருந்து இரண்டு மூன்று வாரம் நீளமான வெப்பமானியைக் கட்டுக்குள் செருகிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 55 டிகிரி செல்சியஸ் தொட்டால் உஷார், 65-ஐத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பல தடவை பார்க்க வேண்டும், 80-ஐ நெருங்கினால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். வண்டி வருவதற்கு முன்னால் கட்டுகளைப் பிரித்து இழுக்கக் கூடாது. உள்ளே காற்று புகுந்ததும் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஈனும் காலத்தில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எதற்காக? என்னவெல்லாம் பார்ப்பார்கள்? – நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி

பலதரம் ஈன்ற பசுக்கள் பெரும்பாலும் தாமாகவே ஈன்றுகொள்ளும். விழிப்பு தலையீற்றுக் கிடேரிகளுக்குத்தான். அவற்றைத் தனிப் பட்டியில் அடைத்து, இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை டார்ச்சோடு சுற்றிவருவார்கள். மடி இறங்கி காம்பு பளபளப்பது, வால் அடியில் இருபுறமும் குழி விழுவது, மற்ற மாடுகளை விட்டு விலகி நின்று வாலைத் தூக்கியபடி இருப்பது ஆகியவை அறிகுறிகள்.

பனிக்குடம் தெரிந்த பிறகுதான் கடிகாரம் முக்கியம். ஒரு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் கிடேரியைக் கட்டிப் பரிசோதிக்க வேண்டும். பழகிய பசுவுக்கு அரை மணி போதும். முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் வந்தால் சரியான வருகை. குளம்பின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பின்னங்கால்கள். கையை உள்ளே விட்டு அடுத்த மூட்டைத் தடவி உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்பக்கமாக வரும் கன்றுக்கு, தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும். அதனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தயங்க நேரமில்லை.

இழுப்பதற்குச் சங்கிலி. காலின் கணுமூட்டுக்கு மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு அரைச்சுருக்கு என்று இரண்டு இடத்தில் பிடிமானம் வேண்டும். ஒரே சுருக்காகப் போட்டால் முழு இழுவையும் ஒரே இடத்தில் விழுந்து எலும்பு முறியும். தாய் முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், முக்கல் நின்றால் கையும் நிற்க வேண்டும். தோள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு காலை முதலில், மறு காலை அடுத்து என்று மாற்றி மாற்றி நகர்த்துவார்கள். தலையும் தோளும் வந்ததும் இழுவையைத் தாயின் கால்பக்கமாகக் கீழே திருப்ப வேண்டும். இடுப்பு பூட்டிக்கொண்டால் கன்றை ஒரு சுற்றில் கால்பங்கு திருப்பினால் வழிவிடும். இரண்டு ஆள் பலத்துக்கும் அசையாததை இயந்திரம் வைத்து இழுக்கக் கூடாது. கன்றும் போகும், கிடேரியின் இடுப்பு நரம்பும் போகும். அப்போது மருத்துவரைக் கூப்பிடுவதுதான் வழி. மருத்துவர் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம் என்பதால் அந்த முடிவைச் சீக்கிரமே எடுக்கும் ஆள்தான் நல்ல ஆள்.

விழுந்த கன்றைத் தலைகீழாகக் கேட்டில் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். அப்படி வழிவது பெரும்பாலும் வயிற்று நீர்தான். குடலெல்லாம் உதரவிதானத்தின் மேல் சரிந்து மூச்சை இன்னும் அடைக்கும். கன்றை நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, பின்னங்கால்களை இருபுறமும் முன்னோக்கி மடித்து, மூக்கில் ஒரு வைக்கோல் தண்டை விட்டுக் குடைந்தால் தும்மி மூச்சு பிடித்துக்கொள்ளும். பிறகு தொப்புளுக்கு அயோடின். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் சீம்பால், 12 மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு லிட்டர். நேரம் போகப் போக அந்தப் பாலின் எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்பது குறையும். 24 மணி நேரத்தில் கதவு அடைத்த மாதிரிதான்.

குளிரில் விறைத்த கன்றின் வாயில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். உள்வாயே சில்லிட்டிருந்தால் 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு மூழ்க வைத்து, உடம்பு சூடேறியதும் எடுத்து, ரோமம் முழுக்கக் காயும் வரை துவட்ட வேண்டும். ஈரத்தோடு வெளியே விட்டால் பட்ட பாடு அத்தனையும் வீண். பல வீடுகளில் இந்தக் கன்று கிடப்பது சமையலறைக்குப் பக்கத்து அறையில். அதைத் துவட்டுவது மனைவியும் பிள்ளைகளும்.

கன்று செத்த பசுவுக்கு அனாதைக் கன்றைச் சேர்ப்பது இன்னொரு கைவேலை. செத்த கன்றின் தோலை வாலோடு உரித்து, கால்களுக்குத் துளை விட்டு, சட்டை மாதிரி அனாதைக் கன்றுக்குப் போட்டுக் கயிறால் கட்டுவார்கள். பசு பின்பக்கத்தைத்தான் முகர்ந்து அடையாளம் காணும், அதனால் வால் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தன் பால் கன்றின் வயிற்றில் ஓடி, அதன் சாணத்திலும் தன் வாசம் வந்த பிறகு தோலை எடுத்துவிடலாம். கழிச்சலில் செத்த கன்றின் தோலை இதற்கு எடுக்கவே கூடாது.

இரவில் ஈனுவதைப் பகலுக்கு மாற்ற வழி உண்டா? – திண்டுக்கல் வாசகர்

ஓரளவுக்கு உண்டு. தீவனத்தை மாலை இருட்டும் நேரத்தில் போட்டால் பகலில் ஈனும் பசுக்கள் கூடும். இதைக் கவனித்துச் சொன்னவர் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் மாடு வளர்த்த கஸ் கோனெஃபால். நடுப்பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணியை ஒட்டி ஒரு தடவை என்று அவர் தீவனம் போட்டார். ஈன்றவற்றில் ஐந்தில் நான்கு பங்கு காலை 7-லிருந்து மாலை 7-க்குள் ஈன்றன. ஈனும் காலம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே நேரத்தை மாற்றிவிட வேண்டும், காலையில் மிச்சத் தீவனம் கிடக்கக் கூடாது. அறுபது வயது ஆளின் தூக்கத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

எங்கள் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை முள்மர வேலி. அங்கே மைல்கணக்கில் முள்கம்பி. அதை எப்படிப் போடுகிறார்கள், எதனால் கெடுகிறது? – காங்கேயம் வாசகர்

இலினாய் மாநிலத்து டிகால்ப் ஊரின் ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை வாங்கிய முள்கம்பி வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒரு சுருள் 1,320 அடி, அதாவது கால் மைல். நாலு கம்பி வேலி ஒரு மைலுக்கு 16 சுருள் பிடிக்கும். கம்பம் 16.5 அடிக்கு ஒன்று வைத்தால் மைலுக்கு 320 கம்பம்.

வேலியின் உயிர் மூலைக்கட்டில். எட்டடி மரக்கம்பம் இரண்டை எட்டடி இடைவெளியில், மூன்றடிக்குக் குறையாமல் புதைத்து, மேல்பக்கம் ஒரு குறுக்குக் கட்டை கொடுப்பார்கள். அதன்பின் ஒரு முறுக்குக் கம்பியை மூலைவிட்டமாகக் கட்டுவார்கள். இந்தக் கம்பி கடைசிக் கம்பத்தின் அடியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் தலைக்குப் போக வேண்டும். வேலி கடைசிக் கம்பத்தை இழுக்கும். அந்த இழுவை குறுக்குக் கட்டை வழியாக இரண்டாவது கம்பத்தின் தலையைத் தள்ளும். தலையைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கம்பி. மாற்றிக் கட்டினால் அது சும்மா தொங்கும், அடுத்த வருஷமே மூலை சாய்ந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஆளை எடைபோட, அவர் கட்டிய மூலையை ஒரு தடவை பார்த்தால் போதும்.

மரக்கம்பத்தில் வளைவு ஆணியை முழுக்க அடித்து இறுக்கக் கூடாது. கம்பி அதனுள் நகர இடம் வேண்டும், இல்லாவிட்டால் மாடு ஒரு இடத்தில் சாய்ந்தால் அந்த இடத்திலேயே அறும். மரத்தின் ரேகைக்கு நேராக அடித்தால் கம்பம் பிளக்கும், ஆணி கழன்றுவிடும். கொஞ்சம் சாய்த்து அடிக்க வேண்டும். வெயில் நாளில் வீணைத்தந்தி மாதிரி முறுக்கினால், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் கம்பி சுருங்கித் தெறிக்கும். இழுக்கும்போது கம்பிக்கும் தனக்கும் நடுவில் கம்பம் இருக்கிற மாதிரி நிற்பார்கள், கெட்டித் தோல் கையுறை இல்லாமல் தொடமாட்டார்கள். அறுந்த முள்கம்பி சுருண்டு வந்தால் முகமோ கண்ணோ போகும்.

காட்டு விலங்குக்கும் வழிவிட வேண்டும். அடிக்கம்பி தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் குறையாமல், முள்ளில்லாத கம்பியாக இருந்தால் ப்ராங்ஹார்ன் மான் அடியில் நுழைந்து போகும். அது வேலியைத் தாண்டுவது அபூர்வம். மேலிரண்டு கம்பிக்கு நடுவில் 12 அங்குலம் இருந்தால், தாண்டும் மற்ற மான்களின் பின்னங்கால் அதில் முறுக்கிக்கொள்ளாது. மேல்கம்பி 40 அங்குலத்தில் இருந்தால் மாட்டுக்கும் போதும்.

காற்றாலை சுற்றுகிறது, தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் என்ன செய்வார்கள்? – கோவில்பட்டி வாசகர்

நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் மேய்ச்சலுக்கு நடுவே நீர் இறைக்கும் காற்றாலைகள் இன்னும் நிறைய. ஆளின் வாராந்திரச் சுற்றில் அவையும் சேர்த்தி. முதலில் சக்கரத்தை மடக்கி, பிரேக்கைக் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் கோபுரத்தில் ஏறுகிறவர் உயிரோடு விளையாடுகிறார். பிறகு பம்புத் தண்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக வந்தால் கீழே தண்டு எங்கோ கழன்றிருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது. கனமாக வந்தும் நீர் குறைவு என்றால் கீழே உள்ள பம்பு உருளைக்குள் இருக்கும் தோல் வாஷர்கள் மணலில் தேய்ந்துவிட்டன. ஓடும்போது நீர் வந்து, நின்றதும் குழாயில் இறங்கிவிட்டால் அடிவால்வில் மணல். தோலை மாற்றத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கப்பி போட்டு மேலே இழுக்க வேண்டும். புதுத் தோலை ஊறவைத்து இளக்கிய பிறகே போட வேண்டும். காய்ந்த தோல் உருளையில் ஒட்டி உட்காராது. மேலே பல்சக்கரப் பெட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினால் ஆலை பல பத்தாண்டு ஓடும்.

சம்பளம் என்ன? குடும்பம் நடத்த முடியுமா? – ஹூஸ்டன் வாசகர்

கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் குறைவு. அதோடு குடியிருக்க வீடு, மின்சாரம், வருஷத்துக்கு ஒரு மாட்டு இறைச்சி, சொந்தக் குதிரைக்கு மேய்ச்சல் ஆகியவை சேரும். நல்ல முதலாளியாக இருந்தால், ஆளின் சொந்தப் பசுக்கள் நாலைந்தைப் பண்ணை மந்தையோடு மேயவும் விடுவார். 600 கிலோ எருது ஒன்றை அறுத்தால் சுமார் 370 கிலோ உடல், எலும்பும் கொழுப்பும் கழித்து 240 கிலோ அளவுக்கு ஆழ்குளிர் பெட்டிக்கு வரும். நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் தள்ளிவிடும்.

சட்டம் இவர்கள் பக்கம் அதிகம் இல்லை. 1938-ன் கூட்டாட்சி வேலைநேரச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்குக் கூடுதல் நேரக் கூலி கட்டாயமில்லை. அதிலும் திறந்த மேய்ச்சல் நிலத்தில் கால்நடை பார்ப்பதே முக்கிய வேலையாக உள்ளவர்களுக்கு அந்தச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி விதியே பொருந்தாது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. கூலிக்காகப் போராடாமலும் இல்லை: 1883-ல் டெக்சாஸின் வடமுனைப் பகுதியில் பெரிய பண்ணைகளின் ஆட்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்கு வர வேறு ஆட்கள் வரிசையில் நின்றதால் சில மாதங்களிலேயே அது அடங்கிப்போனது.

அதனால் பெரும்பாலான வீடுகளில் மனைவி ஊருக்குள் பள்ளியிலோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போகிறார். சம்பளத்தைவிட அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடுதான் குடும்பத்தைத் தாங்குவது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் தனியார் முதலாளி அந்தக் காப்பீட்டை எடுக்காமலே இருக்கலாம். சேரும் நாளிலேயே இதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அங்கே பிள்ளைகள் பத்து வயதிலேயே மாடு மேய்ப்பார்களாமே, சட்டம் விடுமா? – ஆஸ்டினில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய்

இதில் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் சட்டம் வேறு. பண்ணையை நடத்தும் பெற்றோரின் பிள்ளை எந்த வயதிலும் அங்கே எந்த வேலையும் செய்யலாம். சம்பளக்காரரின் பிள்ளைக்கு அந்த விலக்கு இல்லை. 16 வயதுக்குள் அவனைக் கூலிக்கு வைத்து 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் ஓட்டச் சொல்லக் கூடாது. இனவிருத்திக் காளை நிற்கும் பட்டியிலும், தொப்புள்கொடி காயாத கன்றோடு பசு நிற்கும் பட்டியிலும் வேலை கொடுக்கக் கூடாது. ஈன்ற பசு எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அந்த இரண்டு நாள் அதை நம்ப முடியாது என்பதைச் சட்டமே பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. 14, 15 வயதினர் முறையான டிராக்டர் பயிற்சி முடித்தால் சில தளர்வுகள் உண்டு.

பிள்ளைகள் தொழில் பழகும் பெரிய வழி 4-ஹெச் என்ற சிறுவர் சங்கம். 1902-லிருந்து நடக்கிறது. இலையுதிர் காலத்தில் 260 கிலோ அளவில் காயடித்த கன்று ஒன்றை எடுத்து, மறு ஆகஸ்ட் மாவட்டக் கண்காட்சிக்கு 600 கிலோ ஆக்க வேண்டும். 280 நாளில் 340 கிலோ, நாளைக்கு 1.2 கிலோ. தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பி ஒரே இரவில் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். தலைக்கயிறு பழக்கும்போது தலை உயரத்தில் குட்டையாகக் கட்ட வேண்டும். கயிறு நீளமாக இருந்தால் கால் மாட்டி விழும். தீவனம், மருந்து, எடை எல்லாவற்றையும் பிள்ளையே நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் ஏலம், பிறகு இறைச்சிக்கூடம். அதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். ஏலப் பணம் பெரும்பாலும் கல்லூரிக்கென்று வங்கியில் போகும்.

டெக்சாஸில் திமில் உள்ள மாடுகளைப் பார்த்தேன். நம் ஊர் மாடா? – சான் அன்டோனியோ வாசகர்

வேர் இந்தியாவில்தான். ஓங்கோல், கிர், குஜராத்தின் காங்க்ரெஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் கலப்பில் அமெரிக்காவில் உருவானது பிராமன். 1906-ல் இந்தியாவிலிருந்தே நேரடியாக ஒரு தொகுதி டெக்சாஸ் பண்ணைக்காக இறக்குமதியானது; 1924-ல் இனச் சங்கம் தொடங்கியது. உண்ணிக்கும் வெயிலுக்கும் தாங்குவதால் வளைகுடாக் கரையில் அதற்கு மவுசு. பார்க்கிற ஆளுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: சினைக்காலம் 292 நாள் வரை நீளும், சத்தம் போட்டு விரட்டினால் முரண்டுபிடிக்கும், பொறுமையாக நடந்துகொண்டால் பின்னாலேயே வரும்.

முழங்கால் போன, 65 வயது ஆளுக்குப் பண்ணையில் என்ன வேலை மிச்சம்? – ஈரோடு வாசகர்

பசுவையும் கன்றையும் பிரிக்கும் கேட்டில் நிற்பது. இளைஞர்கள் வேகத்தால் செய்வதை மூத்தவர் நிற்கும் இடத்தால் செய்கிறார். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு மிரளும் எல்லை இருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு அடி உள்ளே வைத்தால் மாடு நகரும், பின்வாங்கினால் நிற்கும். மாட்டின் தோள்தான் திருப்புமுனை. தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும். மாட்டின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பக்கவாட்டில் நடந்து அதன் தோளைக் கடந்தால் வேகமாக முன்னேறும். நேர் பின்னால் மாட்டுக்குக் கண் தெரியாது. அங்கே நின்றால் திரும்பிப் பார்க்கும், அல்லது உதைக்கும்.

இந்த முறையைப் பரப்பியவர்களில் பட் வில்லியம்ஸும் பேராசிரியை டெம்பிள் கிராண்டினும் முக்கியமானவர்கள். மிரண்ட மந்தை அடங்க 20 முதல் 30 நிமிஷம் ஆகும் என்கிறார் கிராண்டின். கூச்சலிட்டு ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்கப் பார்த்து அரை மணியை இழப்பதுதான் வழக்கமான தவறு. கேட்டில் நிற்கும் பெரியவர் குச்சியைக்கூட உயர்த்தமாட்டார். கன்று வந்தால் அரை அடி விலகுவார், பசு வந்தால் அரை அடி முன்வைப்பார்.

கயிறு வீசும் வேலையிலிருந்து அவரை விடுவிப்பது நல்லது. மாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்ற வேண்டும். அந்த ஒரு நொடியில் கட்டைவிரல் நடுவில் மாட்டினால் துண்டாகும். கண்ணும் கையும் ஒரு கணம் பிந்தும் வயதில் அந்த அபாயம் தேவையில்லை. ஏறி இறங்க ஒரு மேடை, 12 வயதுக்கு மேற்பட்ட நிதானமான குதிரை, சரிவில் நாலுசக்கர மோட்டார் வண்டியைத் தவிர்ப்பது: இவ்வளவும் இருந்தால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். வயலில் நீர் திருப்புவதும் அவருக்கு ஏற்ற வேலை.

வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டுமா? அப்புறம் எங்கே போவார்கள்? – மதுரை வாசகர்

ஆமாம், வீடு வேலையோடு சேர்ந்தது. நாற்பது வருஷம் இருந்த வீடாக இருந்தாலும் அடுத்த ஆளுக்குக் காலி செய்ய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. தெற்கு டெக்சாஸில் 1853-ல் தொடங்கிய கிங் ரான்ச்சில், 1854-ல் மெக்சிகோவின் குருய்யாஸ் ஊரிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததிகள், கினேன்யோக்கள் எனப்படுபவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையிலேயே பிறந்து, வேலை பார்த்து, முதுமையும் கழித்திருக்கிறார்கள். பெரும்பாலான பண்ணைகளில் அப்படியில்லை.

கிடைப்பது அரசின் சோஷல் செக்யூரிட்டி ஓய்வூதியம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் அறுபதில்தான் கவனிக்கிறார்கள். விவசாயக் கூலியில் ரொக்கத்துக்கு மட்டுமே இந்த ஓய்வூதியத்துக்கான வரி பிடிக்கப்படும், முதலாளி 6.2, ஆள் 6.2 சதவீதம். வீடு, இறைச்சி, கன்று என்று பொருளாகக் கொடுப்பதற்குப் பிடித்தம் இல்லை, அதனால் ஓய்வூதியக் கணக்கிலும் அது ஏறாது. மாதம் 3,000 டாலர் ரொக்கமும் 1,200 டாலர் பெறுமான வீடும் என்றால், கணக்கில் இருப்பது 3,000 மட்டும்தான். ஓய்வூதியம் 35 வருஷச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுவது. வேலை செய்தும் பதிவாகாத வருஷம் பூஜ்யமாக நிற்கும். 62 வயதிலேயே வாங்கத் தொடங்கினால், 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழுத்தொகையில் 70 சதவீதம்தான் வரும். முழுத்தொகைக்கு 67 வரை பொறுக்க வேண்டும். மனைவியின் சொந்தக் கணக்கு சிறியதாக இருந்தால், அவர் முழு வயதில் கணவர் தொகையின் பாதி வரை பெறலாம். மருத்துவத்துக்கு 65-ல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு.

ஆகவே செய்ய வேண்டியவை நாற்பது வயதிலேயே தொடங்க வேண்டும். வருஷா வருஷம் சோஷல் செக்யூரிட்டி கணக்கில் சம்பளம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டைக் காட்டித் திருத்த வேண்டும். பொதுவான கெடு அந்த வருஷம் முடிந்து 3 வருஷம், 3 மாதம், 15 நாள். வாடகை கொடுக்காமல் மிஞ்சும் பணத்தில் அருகில் உள்ள சின்ன ஊரில் ஒரு மனையோ பழைய வீடோ வாங்கிப் போட்டு, வேலையில் இருக்கும் வரை வாடகைக்கு விடலாம். ரொக்கத்தைக் குறைத்துப் பொருளைக் கூட்டும் பேரத்துக்கு, வரி மிச்சம் என்று ஆசைகாட்டினாலும், யோசிக்காமல் தலையாட்டக் கூடாது.

மந்தையில் சொந்தப் பசுக்கள் இருந்தால் தன் பெயரில் மாநிலத்தில் சூட்டுக்குறி பதிவு செய்து, அதைப் போட வேண்டும். மொன்டானாவில் அந்தப் பதிவைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் குறி கைவிட்டுப் போகும். முதலாளியின் குறியோடு நிற்கும் பசுவைப் பின்னாளில் ‘அது எனக்குக் கொடுத்தது’ என்று நிரூபிக்க வழியில்லை, குறிப்பாகப் பண்ணை வாரிசுகள் கைக்கு மாறியபின். மேய்ச்சல் உரிமை, எத்தனை பசு, காளைச் செலவு யாருடையது, ஆள் விலகினால் எத்தனை மாதத்தில் ஓட்டிப்போக வேண்டும், வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் ஆகியவற்றை ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பழைய முதலாளி உயிரோடு இருக்கும்போதே அந்தத் தாளை வாங்கிவிட வேண்டும்.